குளத்துத் துருசும் துறைமுகத்துக் கதவும்

தை பிறந்ததும் பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வீதியால் வருவோர் முரசுமோட்டையை அண்மித்தவுடன் வாகனத்தின் வேகத்தைக் குறைத்துக்கொள்வர். வீதியோரத்தில், சில இடங்களில் வீதியின் அரைவாசியையே அடைத்தவாறு, நெல் பரவிக் கிடக்கும். மாரி மழையிலும் இரணைமடு நீரிலும் விளைந்த நெல் அது. காயவைக்கக் களம் போதாமையால் தார்வீதியே களமாகிறது. பெண்கள் நெல்லைக் காலாற் கிளறியபடி நடப்பர். வானம் கறுத்தால் ஓடிவந்து படங்கை இழுத்து மூடுவர். அந்நாட்களில் எமது மேல்வகுப்புகளில் பல வாங்குகள் வெறுமையாயிருக்கும். பிள்ளைகள் ஏன் வரவில்லை என்று நாம் கேட்பதில்லை. விடை வீதியிலே காய்ந்துகொண்டிருக்கிறது.

2025ஆம் ஆண்டு தை மாதத்தில் அவ்வாறு சில நாட்கள் வராதிருந்து திரும்பிய மாணவன் ஒருவன் தமிழ்ப் பாடவேளையில் எழுந்து நின்று கேட்டான்: “சேர், நாங்கள் நெல்லு வெட்டத் தொடங்கேக்கை ஏன் சேர் கப்பலிலை அரிசி வருது? ஒரு மாதம் பொறுக்கேலாதா?”

நாம் தமிழ் படித்துத் தமிழ் படிப்பிக்கும் ஆசிரியர்; பொருளியல் எமது துறையன்று. அன்று அவனுக்கு ஏதோ சொல்லி அமர்த்தினோம். சொன்னது விடையன்று என்பதை அவனும் அறிவான், நாமும் அறிவோம். அவனுக்குக் கொடுக்கத் தவறிய விடையையே இங்கு எழுத முற்படுகிறோம்.

நடந்ததை முதலிற் கூறுவோம். 2024ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டரிசிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. பல கடைகளில் அரிசி இல்லை. இருந்த கடைகளிலும் கட்டுப்பாட்டு விலைக்கு இல்லை. அவ்வாண்டு நவெம்பரில் பாராளுமன்றத்தில் மூன்றிலிரண்டுக்கும் மேற்பட்ட ஆசனங்களைப் பெற்ற அரசாங்கம், இடதுசாரி இயக்கத்தைத் தனது வரலாறாகக் கூறிக்கொள்ளும் அரசாங்கம், டிசெம்பர் முதல் வாரத்தில் ஒரு வர்த்தமானி அறிவித்தலை வெளியிட்டது. அரிசி இறக்குமதி செய்வோர் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என்ற நிபந்தனை டிசெம்பர் 20 வரை நீக்கப்பட்டது. பின்னர் அத்தவணை 2025 ஜனவரி 10 வரை நீடிக்கப்பட்டது. அதற்குள் ஏறத்தாழ 167,000 மெட்ரிக் தொன் அரிசி சுங்கத்தைக் கடந்து உள்ளே வந்தது. கிலோ ஒன்றுக்கு 65 ரூபா வரி அறவிடப்பட்டது. இதே டிசெம்பரில் நாட்டரிசியின் உச்ச சில்லறை விலை கிலோ 230 ரூபா என விதிக்கப்பட்டது.

இவை நுகர்வோர் பக்கத்துச் செய்திகள். விளைவிப்போர் பக்கத்துச் செய்தி என்ன? நாட்டு நெல் கிலோ 120 ரூபா, சம்பா 125 ரூபா, கீரிச் சம்பா 132 ரூபா என்று அரசாங்கம் கொள்வனவு விலையை அறிவித்தது. அறிவித்த காலம் 2025 பெப்ரவரி முதல் வாரம். கிழக்கிலும் வன்னியிலும் அறுவடை தொடங்கி நெல் கைமாறிக்கொண்டிருந்த வேளை அது.

இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்துப் பார்க்குமாறு வாசகரைக் கேட்கிறோம். இறக்குமதி வணிகன் கப்பலுக்குக் கட்டளை கொடுக்குமுன் அவனுக்கு வரி தெரியும். கதவு மூடப்படும் நாள் தெரியும். விற்கக்கூடிய உச்ச விலை தெரியும். இலாபம் உண்டா இல்லையா என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு அவன் பணத்தை இறக்கலாம். கமக்காரனோ புரட்டாசியில் உழுது, ஐப்பசியில் விதைத்து, உரக்கடையில் கடன் சொல்லி, மனைவியின் தாலிக்கொடியை அடைவு வைத்து, மார்கழி வெள்ளத்துக்கு அஞ்சி நின்று, வெட்டும் இயந்திரத்துக்கு வாடகை கொடுத்த பின்னரே தன் நெல்லின் விலையை அறிகிறான். நாட்டுக்குச் சோறிடும் இருவருள் ஒருவனுக்கு விலை முன்னே வருகிறது. மற்றவனுக்குப் பின்னே வருகிறது. எமது மாணவன் கேட்ட கேள்வியின் உட்பொருள் இதுவே.

கப்பல் வந்ததை நாம் குறைகூறவில்லை. அரிசி இல்லாத வீட்டில் அரிசியின் தேசியத்தை யாரும் விசாரிப்பதில்லை. கொழும்புச் சேரியிலும் மலைநாட்டு லயத்திலும் அடுப்பெரிய வேண்டும். விதிக்கப்பட்ட வரி உள்ளூர் நெல்லுக்கு ஓரளவு காப்பாக நின்றது என்பதையும் மறுக்கமாட்டோம். நாம் கேட்பது வேறு: இக்கதவை யார் திறக்கிறார், யார் மூடுகிறார், யாரைக் கேட்டு?

கதவின் பூட்டு எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். 1969ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டமே அது. எப்பொருளை அனுமதிப்பத்திரத்தின்கீழ்க் கொண்டுவருவது, எதை விடுவிப்பது என்பதை அமைச்சர் வர்த்தமானி மூலம் ஒழுங்கு செய்யலாம். வரியை ஏற்றவும் இறக்கவும் 2007ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டம் இடம் தந்தது. அதற்கும் ஒரு வர்த்தமானி போதும். பாராளுமன்றம் பின்னர் அங்கீகரிக்கும். அதற்குள் கப்பல் வந்து போய்விடும்.

அனுமதிப்பத்திரம் பெறும் வழியோ நீண்டது. வணிகப் பதிவு வேண்டும். வரி இலக்கம் வேண்டும். பிறநாட்டு விற்பனையாளன் தந்த விலைச்சிட்டை வேண்டும். பல பொருள்களுக்கு உரிய அமைச்சின் சிபாரிசும் வேண்டும். விண்ணப்பம் கொழும்பிலுள்ள கட்டுப்பாட்டாளர் நாயகத்திடம் போகவேண்டும். பத்திரம் கிடைத்ததும் வங்கியில் நாணயக் கடிதம் திறக்கவேண்டும். பொருள் துறைமுகத்தை அடைந்தால் பயிர்த் தொற்றுக்காப்புச் சோதனை. பின்னர் 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்தின்கீழ்ச் சுகாதாரச் சோதனை. இவை யாவும் அவசியமற்றவை என்று நாம் கூறோம். பூச்சி அரித்த தானியமும் பூஞ்சணம் பிடித்த பருப்பும் நாட்டுக்குள் வராமல் தடுப்பது அரசின் கடமையே.

ஆனால் இவ்வழியில் யாரால் நடக்க முடியும்? எமது பகுதியிற் பலசரக்குக் கடை நடத்தும் ஒருவர், மொத்த வியாபாரியின் கையை எதிர்பாராமல் உணவுப்பொருள் சிலவற்றைத் தமிழ்நாட்டிலிருந்து தாமே தருவிக்க எண்ணி, படிவமொன்றை நிரப்பித் தருமாறு எம்மிடம் கொண்டுவந்தார். தமிழ்ச் சிறப்புப் பட்டம் பெற்ற எமக்கு அப்படிவத்தின் தமிழ் முழுமையாக விளங்கவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். முந்நூறு கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள கொழும்புக்கு அவர் மூன்று தடவை போய்வந்தார். ஒவ்வொரு தடவையும் இன்னொரு பத்திரத்தின் பெயரைக் கேட்டுவந்தார். நான்காம் தடவை போகவில்லை. “அது எங்களுக்குரிய விளையாட்டில்லை, மாஸ்ரர்” என்றார். அவரை எவரும் விரட்டவில்லை. எவரும் இலஞ்சம் கேட்கவுமில்லை. தூரமும் காலமும் பணமுமே அவரைத் திருப்பி அனுப்பிவிட்டன.

அப்படியாயின் 2024 டிசெம்பரில் அனுமதிப்பத்திரமே வேண்டாம் என்று கதவு அகலத் திறக்கப்பட்டதே, அப்போது அந்தக் கடைக்காரர் ஏன் அரிசி தருவிக்கவில்லை? கண்டாவளையிலோ கிளிநொச்சியிலோ உள்ள ஒரு கூட்டுறவுச் சங்கம் ஏன் தருவிக்கவில்லை? முதலில் அறிவிக்கப்பட்ட தவணை இரண்டு வாரத்துக்குச் சற்று அதிகம். அத்தவணைக்குள் இந்திய ஆலையுடன் விலை பேசி, வங்கிக் கடன் பெற்று, கப்பலில் ஏற்றி, கொழும்பில் இறக்கவேண்டும். முன்னரே தொடர்பும் முதலும் களஞ்சியமும் உடையவனால் மட்டுமே அது முடியும். எல்லோருக்கும் திறந்த கதவு என்பது கதவருகே நிற்பவனுக்கு மட்டும் திறந்த கதவேயாகும்.

இவ்விடத்தில் இரு சாரார் எமக்கு மறுப்புரைக்க முன்வருவர்.

முதற் சாரார் கூறுவது: “கட்டுப்பாடே நோய். அனுமதிப்பத்திரங்களைக் கிழித்தெறியுங்கள். மலிவாக விளையும் நாட்டிலிருந்து பொருள் வரட்டும். போட்டியால் விலை இறங்கும்.” இவ்வுபதேசம் வன்னிக்குப் புதிதன்று. விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் படித்த வாலிபர் குடியேற்றத் திட்டங்கள் அமைக்கப்பட்டன. உத்தியோகம் கிடைக்காத இளைஞர் காடு வெட்டி, நீர் இறைத்து, மிளகாயும் வெங்காயமும் பயிரிட்டனர். 1970க்குப் பின்னர் செத்தல் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது அவர்கள் தலைநிமிர்ந்தனர். கல்வீடு கட்டினர்; தங்கையருக்குத் திருமணம் செய்வித்தனர். 1977இல் ஜே. ஆர். ஜெயவர்த்தனாவின் அரசாங்கம் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. பிறநாட்டு மிளகாய் வந்து குவிந்தது. தோட்டத்தை நம்பியிருந்த ஒரு தலைமுறையின் காலடி நிலம் அசைந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் வடபகுதி இளைஞர் சென்ற பாதைக்குக் காரணம் தேடுவோர் பலவற்றைக் கூறுவர். அவை யாவும் உண்மையாயிருக்கலாம். மிளகாய்த் தோட்டத்தையும் அப்பட்டியலிற் சேர்த்துக்கொள்க என்பதே எமது வேண்டுகோள்.

திறந்துவிட்டால் விலை இறங்கும் என்ற வாதத்துக்கும் அண்மைக்காலச் சான்றொன்று உண்டு. 2020 ஒக்டோபரில் சீனி மீதான விசேட அறவீடு கிலோ ஒன்றுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாகக் குறைக்கப்பட்டது. அரசாங்கம் விட்டுக்கொடுத்த அப்பணம் தேநீர் குடிப்பவனை வந்தடையவில்லை. கடையில் விலை அதற்கேற்ப இறங்கவில்லை. அரசின் வருமான இழப்பு ஏறத்தாழ 1,590 கோடி ரூபா எனப் பின்னர் கணக்கிடப்பட்டது. சில கைகளே பொருளை வைத்திருக்கும் சந்தையில் வரியைக் குறைப்பது ஏழைக்கு விலையைக் குறைப்பதாகாது. அக்கைகளுக்குப் பரிசளிப்பதாகும்.

இரண்டாஞ் சாரார் தேசபக்தர். “எதையும் வெளியிலிருந்து வாங்காதீர், எல்லாவற்றையும் இங்கேயே விளைவிப்போம்” என்பது அவர்தம் முழக்கம். கேட்க இனிமையானது. 2020இல் மஞ்சள் இறக்குமதி நிறுத்தப்பட்டது. கிலோ ஒன்று ஆயிரக்கணக்கான ரூபாவுக்கு ஏறியது. தங்கம் கடத்திய பாக்குநீரிணையில் மஞ்சள் மூட்டைகள் கடத்தப்பட்டன; மன்னார்க் கரையிலும் கற்பிட்டிக் கரையிலும் கடற்படையினர் மஞ்சளைப் பிடித்தனர். மஞ்சட் செடியை ஒரே நாளில் முதிரச்செய்ய வர்த்தமானியால் இயலாது என்பதை அறிவித்தவர்கள் எண்ணிப்பார்க்கவில்லை.

அதனினும் கொடியது 2021 மே மாதத்தில் நிகழ்ந்தது. இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நாம் மேலே கூறிய அதே 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், அதே வகையான வர்த்தமானி மூலமே அதுவும் செய்யப்பட்டது. எந்தக் கமக்காரர் அமைப்பும் கேட்கப்படவில்லை. சேதனப் பசளையின் நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒரு நாட்டின் மண்ணை ஒரு போகத்திற்குள் மதம் மாற்ற முனைந்தார்கள். அவ்வாண்டு நவெம்பரில் தடையைத் திரும்பப் பெற்றனர். ஆயினும் காலபோகப் பயிர் அதற்குள் மஞ்சளித்து நின்றது. 2022இல் ஏழு இலட்சம் மெட்ரிக் தொன்னுக்கு மேற்பட்ட அரிசியை இந்நாடு வெளியிலிருந்து வாங்கியது. உரத்துக்கு டொலர் இல்லை என்று கதவை மூடியவர்கள் அரிசிக்கு டொலர் தேடி அலைந்தார்கள்.

இடதுசாரிகளாகிய நாம் இவ்விடத்தில் எமது சொந்த வீட்டையும் பெருக்கவேண்டும். 1970ஆம் ஆண்டின் ஐக்கிய முன்னணி அரசாங்கத்தில் சமசமாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் அமைச்சராயிருந்தனர். அவ்வரசின் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் வடக்கின் தோட்டங்கள் செழித்ததை நாம் பெருமையுடன் பேசுவதுண்டு. அதே ஆண்டுகளில் மலைநாட்டுத் தோட்டங்களில் நிகழ்ந்ததைப் பேசும்போது எமது குரல் தாழ்ந்துவிடுகிறது. உலகச் சந்தையில் உணவு விலையும் எண்ணெய் விலையும் ஏறின; பங்கீடு குறைந்தது; மாவும் அரிசியும் எட்டாதாயின. 1974ஐ ஒட்டிய காலத்தில் தேயிலை கொய்து நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடித்தந்த தொழிலாளர் பட்டினியால் இறந்தனர். பிழைத்தவர்களுட் பலர் மலையிலிருந்து இறங்கி வன்னிக்கு வந்தனர். 1977இன் வன்செயலுக்குப் பின்னர் மேலும் பலர் வந்தனர். இன்று கிளிநொச்சி மாவட்டத்து வயல்களில் களை பிடுங்குவோரும் மூட்டை சுமப்போரும் பெருமளவில் அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே.

இறக்குமதியை மூடியபோது அரிசிக்கு ஏங்கிய லயத்தின் வாரிசும், இறக்குமதியைத் திறந்தபோது வீழ்ந்த தோட்டத்தின் வாரிசும் இன்று முரசுமோட்டையின் ஒரே வயலில் நிற்கின்றனர். ஒருவன் நிலமுடையவன், மற்றவன் பெரும்பாலும் நிலமற்றவன், நாட்கூலிக்கு வருபவன், அரிசியை விலைகொடுத்து வாங்குபவன். நெல் விலை ஏறினால் முன்னவன் மகிழ்வான். அரிசி விலை ஏறினால் பின்னவன் வருந்துவான். இவ்விருவரையும் மோதவிட்டு நடுவில் நிற்பவன் வாழ்கிறான். “கமக்காரனைக் காக்கவே மூடினோம்” என்று ஒருநாளும் “ஏழையைக் காக்கவே திறந்தோம்” என்று மறுநாளும் அறிக்கை வருகிறது. இரண்டு நாளிலும் இலாபம் ஒரே களஞ்சியத்துக்கே போகிறது.

கணக்கையே பாருங்கள். ஒரு கிலோ அரிசிக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ நெல் வேண்டும். கிலோ 120 ரூபா வீதம் அது 180 ரூபா. அரிசியின் உச்ச விலை 230 ரூபா. எஞ்சிய 50 ரூபாவில் அவித்தல், குற்றுதல், ஏற்றிச் செல்லல், கடைக்காரன் பங்கு ஆகியன அடங்கும். தவிடும் உமியும் ஆலைக்காரனுக்கு மேலதிகம். இது காகிதக் கணக்கு. 120 ரூபா என்பது ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேற்படாத உலர்ந்த நெல்லுக்குரிய விலை. இயந்திரம் வெட்டிக் கொட்டும் பச்சை நெல்லில் ஈரம் இருபது வீதத்தையும் தாண்டும். காயவைக்க வீதியைத் தவிர இடமில்லாதவனும், கடன்காரன் வாசலில் நிற்பவனும் வயலிலேயே லொறியில் ஏற்றிவிடுகிறான். விலை சொல்பவன் லொறிக்காரன். மூட்டைக்கு இத்தனை கிலோ கழிவு என்று வெட்டுபவனும் அவனே. நெல்லை வாங்குவதற்கென 1971இல் நிறுவப்பட்ட நெல் சந்தைப்படுத்தல் சபை தன் கதவைத் திறக்கும்போது, கதவண்டை வருவது பெரும்பாலும் கமக்காரனின் நெல்லன்று; அவனிடம் வாங்கிக் காயவைத்தவனின் நெல்லே.

உணவுக்கு அனுமதி என்றால் என்ன என்பதை வன்னி மக்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. 1990இல் போர் மீண்டும் மூண்ட பின்னர் விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையின் காலத்திலேதான் நாம் பிள்ளைகளாயிருந்தோம். யூரியா தடை, சீமெந்து தடை, பற்றரி தடை. உணவும் அனுமதிக்கப்பட்ட அளவில், அனுமதிக்கப்பட்ட நாளில், வவுனியாவைக் கடந்து வந்தது. சொந்த நாட்டின் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு அரிசி வர ஒருவர் கையொப்பம் இடவேண்டியிருந்தது. 2002இல் கண்டி வீதி திறந்தது, 2006இல் மூடியது, 2009இன் தொடக்கத்தில் முரசுமோட்டையூடாகச் செல்லும் இதே வீதியால் மக்கள் கிழக்கு நோக்கிப் பெயர்ந்தனர். திரும்பி வந்து பற்றை வெட்டி, வரம்பு கட்டி, மீண்டும் விதைத்தவர்கள் இவர்கள். 2018 டிசெம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு கிளிநொச்சியின் வயல்கள் வெள்ளத்தில் அமிழ்ந்தபோதும் மீண்டும் விதைத்தார்கள். வெள்ளத்தை அவர்கள் இயற்கை என்று ஏற்றுக்கொள்வர். வர்த்தமானியையும் இயற்கை என்று ஏற்கவேண்டுமா?

மாற்று உண்டா என்று கேட்பீர்கள். உண்டு, எமது வரலாற்றிலேயே உண்டு. 1952இல் இலங்கையும் சீனாவும் இறப்பர் அரிசி உடன்படிக்கை செய்துகொண்டன. ஆண்டொன்றுக்கு 270,000 மெட்ரிக் தொன் அரிசி, அதற்கு ஈடாக 50,000 மெட்ரிக் தொன் இறப்பர், ஐந்தாண்டுக்கு. அமெரிக்காவின் எதிர்ப்பையும் மீறிச் செய்யப்பட்ட அவ்வுடன்படிக்கையில் அளவு முன்னரே தெரிந்திருந்தது. காலம் முன்னரே தெரிந்திருந்தது. இறப்பர் வெட்டியவனும் நெல் விதைத்தவனும் அரிசி வாங்கியவனும் அடுத்த ஆண்டைப் பற்றி ஏதோ ஒன்றை நம்பியிருக்க முடிந்தது. அதே காலத்து அரசாங்கம் 1953இல் பங்கீட்டரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றியபோது, ஓகஸ்ட் 12ஆந் திகதி ஹர்த்தாலில் மக்கள் அளித்த விடையையும் நாம் அறிவோம். பிரதமர் டட்லி சேனநாயக்கா அவ்வாண்டே பதவி துறந்தார். திட்டமிட்டுச் செய்தால் இறக்குமதியும் மக்களுக்குத் துணையாகும் என்பது முதற் பாடம். மக்களைக் கேளாது அரிசியில் கைவைத்தால் அரசு நிலையாது என்பது இரண்டாம் பாடம்.

இன்னும் அருகிலுள்ள மாற்று எமது குளத்தடியிலேயே இருக்கிறது. சிறுபோகம் தொடங்குமுன் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுகிறது. அரசாங்க அதிபர் தலைமை தாங்க, நீர்ப்பாசனப் பொறியியலாளரும் கமநல அதிகாரிகளும் கமக்காரர் பிரதிநிதிகளும் அமர்கின்றனர். குளத்தில் எத்தனை அடி நீர் உண்டு, எத்தனை ஏக்கருக்குப் போதும், எந்த வாய்க்காலுக்கு எத்தனை பங்கு, விதைப்பின் இறுதி நாள் எது, துருசைத் திறக்கும் நாள் எது, மூடும் நாள் எது என்பன அங்கே பேசித் தீர்மானிக்கப்படுகின்றன. சண்டையும் நடக்கும், குறைபாடும் உண்டு, செல்வாக்குடையவன் கூடுதல் ஏக்கர் கேட்பதும் உண்டு. ஆயினும் நாள் எல்லோருக்கும் தெரியும். நள்ளிரவில் ஒருவர் வந்து தன் விருப்பப்படி துருசைத் திறக்க முடியாது. திறந்தால் ஊர் திரண்டுவிடும்.

குளத்துத் துருசை எந்நாளில் திறப்பது என்பதைக் கூடித் தீர்மானிக்கும் அறிவு படைத்த மக்களுக்கு, துறைமுகத்துக் கதவை எந்நாளில் திறப்பது என்பதில் மட்டும் அறிவில்லாமற் போய்விடுமா? துருசின் நீர் வயலுக்குப் பாய்கிறது. துறைமுகத்து அரிசி அவ்வயலின் விலையின்மீது பாய்கிறது. இரண்டும் ஒரே பயிரைத் தீண்டுவன. ஒன்றுக்குக் கூட்டம், மற்றொன்றுக்கு வர்த்தமானியா?

ஆகவே நாம் கேட்பவை இவை.

முதலாவது, ஆண்டுதோறும் காலபோக விதைப்புக்கு முன்னரே நெல்லின் கொள்வனவு விலை அறிவிக்கப்படவேண்டும். கையிருப்பு எவ்வளவாகக் குறைந்தால் இறக்குமதி திறக்கப்படும், எவ்வளவு வரி, எந்நாளில் மூடப்படும் என்பனவும் அதே வேளை அறிவிக்கப்படவேண்டும். இயற்கை அழிவு வந்தால் மாற்றலாம். மாற்றும்போது காரணத்தைச் சொல்லவேண்டும்.

இரண்டாவது, யார் பெயருக்கு அனுமதிப்பத்திரம், எவ்வளவு, என்ன விலைக்கு வாங்கியது, எந்நாளில் இறங்கியது, எக்களஞ்சியத்துக்குப் போயிற்று என்ற பேரேடு மும்மொழியிலும் பகிரங்கமாக வைக்கப்படவேண்டும். பொதுமக்களின் உணவைப் பற்றிய பத்திரம் தனியாரின் இரகசியமாக இருத்தல் தகாது.

மூன்றாவது, பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் அவற்றின் சமாசங்களுக்கும் இறக்குமதியில் ஒதுக்கப்பட்ட பங்கு வேண்டும். அதற்கான வங்கிக் கடனும் வேண்டும். விண்ணப்பத்தை மாவட்டச் செயலகத்திலேயே கொடுக்க வழி வேண்டும்.

நான்காவது, 167,000 தொன்னுக்குக் கிலோ 65 ரூபா வீதம் கணக்கிட்டால் ஆயிரத்து எண்பது கோடி ரூபாவுக்கு மேல் வருகிறது. நெல் விளையும் நாட்டில் அரிசி இறக்கியதால் வந்த அப்பணத்தில் ஒரு பங்கை, நெல் விளையும் ஊர்களில் உலர் களமாகவும் களஞ்சியமாகவும் திருப்பித் தருக. நெல்லை இரண்டு மாதம் வைத்திருக்கக்கூடியவனே விலை பேசக்கூடியவன்.

ஐந்தாவது, தீர்மானிக்கும் மேசையில் கமக்காரன் மட்டுமன்றி, அரிசியை விலைக்கு வாங்கும் கூலித்தொழிலாளியும் தோட்டத்தொழிலாளியும் அமரவேண்டும். இல்லையேல் 1974 மீண்டும் எமது மனச்சாட்சியின் வாசலில் வந்து நிற்கும்.

இவை புரட்சியல்ல என்று தோழர் சிலர் நகைப்பர். உண்மைதான். நிலமற்றவனுக்கு நிலமும், ஆலையின்மீது பொது உடைமையும் இன்றி இப்பிரச்சினை முற்றாகத் தீராது. ஆனால் திகதியையும் விலையையும் பேரேட்டையும் கேட்கத் துணியாதவன் ஆலையைக் கேட்கப் போவதில்லை.

இறுதியாக, எம்மைப் போன்ற ஆசிரியருக்கும் எழுத்தாளருக்கும் ஒரு சொல். உழவை வாழ்த்த எமக்குத் தெரியும். வகுப்பிலே உழவின் பெருமை என்று கட்டுரை எழுதச்செய்து, சேற்றையும் வியர்வையையும் போற்றும் தொடர்களுக்குப் புள்ளி வழங்குகிறோம். எமது சிறுகதைகளில் கமக்காரன் மழையால் அழிகிறான், வட்டியால் அழிகிறான், விதியால் அழிகிறான்; வர்த்தமானியால் அழிந்த கமக்காரனை எத்தனை கதைகளிற் கண்டோம்? வரம்பில் நிற்கும் கொக்கை வருணிக்கும் எமது பேனா, வயலின் விலையைத் தீர்மானிக்கும் தாளைப் படிக்கச் சோம்புகிறது. அத்தாளின் தமிழ் கரடுமுரடானது என்பது சாட்டு. கரடுமுரடான தமிழை மக்களுக்கு விளங்கவைப்பதற்கன்றி வேறெதற்காக நாம் தமிழ் படித்தோம்?

அடுத்த தவணையில் எமது வகுப்பில் ஒரு வர்த்தமானி அறிவித்தலைப் பாடமாக எடுத்துக்கொள்ள எண்ணியிருக்கிறோம். அதில் எழுவாய் எங்கே, பயனிலை எங்கே, யார் யாருக்கு என்ன கட்டளையிடுகிறார் என்று பிள்ளைகள் பகுத்துப் பார்க்கட்டும். கேள்வி கேட்ட மாணவன் முன்வாங்கில் அமரட்டும். அவனுக்கு நாம் இப்போது கொடுக்கக்கூடிய விடை இதுதான்: ஒரு மாதம் பொறுக்க முடியும், தம்பி, பொறுக்கும்படி கேட்க அந்த மேசையில் எங்கள் ஆள் ஒருவரும் இருக்கவில்லை.